உதவி: பழைய கேமரா, படத்துல கீழ்ப் பாதி கறுப்பு. நாளைக்குத்தான் திருப்பிக் குடுக்கக் கடைசி நாள்

உசிலை_பாண்டி (இரவு 8:41)
அண்ணன்மாரே, அவசரம். போன வாரம் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில கேனான் 200 பழசு எடுத்தேன். லென்சோட சேர்த்து 27,000. ஏழு நாள் செக்கிங் வாரண்டி, நாளைக்கு முடியுது. நேத்து ஒரு காதுகுத்துல எடுத்த படங்கள்ல நெறைய படத்துல கீழ கறுப்பா ஒரு பட்டை விழுந்திருக்கு. ஷட்டர் போயிருச்சுன்னு இங்க ஒரு ஸ்டுடியோக்காரர் சொல்றாரு. கடையில கேட்டா கேமரா நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு எடுக்கத் தெரியலைங்குறாங்க. திருப்பிக் குடுத்துரவா?

மாட்டுத்தாவணி_மணி (8:47)
கார்டு தம்பி, கார்டு. கூடவே ஓசியா ஒரு மெமரி கார்டு குடுத்திருப்பாங்களே? அது டூப்ளிகேட்டா இருக்கும். வேற நல்ல கார்டு போட்டுப் பாருங்க.

வடக்குமாசி_செல்வி (8:52)
கொஞ்சம் விவரம் சொல்லுங்க தம்பி. 200டியா, 200டி மார்க் 2ஆ? பட்டை விழுந்த படத்துக்கு ஷட்டர் வேகம் என்ன? ஃபிளாஷ் போட்டீங்களா? போட்டிருந்தா கேமராவோட சொந்த ஃபிளாஷா, மேல மாட்டுனதா? பட்டை எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துலயா, மாறி மாறி வருதா? ரெண்டு படத்தை வாட்ஸப்ல சுருங்காம, ஒரிஜினலா இங்க ஏத்துங்க.

ஒளிமானி (மூத்த உறுப்பினர், 8:58)
கேமரா மாடல் கிடையாது, செட்டிங் கிடையாது, படம் கிடையாது. இங்கே யாரும் குறி சொல்வதில்லை தம்பி. இதே கேள்விக்குப் பழைய இழைகளில் எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று. மேலே தேடல் பெட்டி ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

திருநகர்_வாசு (9:03)
மண்டபத்துல எல்இடி லைட்டா? அப்ப அதேதான். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் நொடிக்கு 100 தடவை மின்னும். 1/500 மாதிரி வேகத்துல எடுத்தா அந்த மினுக்கல் பட்டையா விழும். 1/100 இல்லாட்டி 1/50ல வைங்க. கேமரா மேல குத்தமே இல்ல.

உசிலை_பாண்டி (9:20)
200டி தான். மார்க் 2 இல்ல. லென்ஸ் 18-55. மேல ஒரு ஃபிளாஷ், அதை வெடிக்க வைக்கிற ட்ரிக்கரோட, நண்பனோடது. ஷட்டர் 1/500, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400. பசங்க ஆடிக்கிட்டே இருந்தாங்க, ஆடாம இருக்க வேகமா வைக்கணும்னு யூடியூப்ல பார்த்தேன். மண்டபத்துக்கு வெளிய எடுத்ததுல பட்டை இல்ல. ரெண்டு படம் ஏத்தியிருக்கேன் பாருங்க.

வடக்குமாசி_செல்வி (9:34)
பார்த்தேன். முதல் படத்துல கறுப்புப் பட்டைக்குள்ள, தூணைச் சுத்தின சீரியல் பல்பு புள்ளி புள்ளியா தெரியுது பாருங்க. ஷட்டர் அந்த இடத்துல திறக்கவே இல்லைன்னா அந்தப் பல்பு எப்படி விழும்? அங்கயும் வெளிச்சம் போயிருக்கு. போகாதது ஃபிளாஷ் வெளிச்சம் மட்டும்தான்.

டிஎஸ்எல்ஆர்ல ஷட்டர்ங்குறது ரெண்டு திரை. முதல் திரை இறங்கி, படம் பதியுற சென்சாரைத் திறக்கும், ரெண்டாவது திரை பின்னாலயே இறங்கி மூடும். 200டில 1/200 வரைக்கும்தான் சென்சார் முழுசும் ஒரே நேரத்துல திறந்திருக்கும். அதுக்கு மேல போனா முதல் திரை கீழ சேருறதுக்குள்ள ரெண்டாவது கிளம்பிரும். சென்சார் மேல ஒரு சந்து மட்டும் ஓடும். ஃபிளாஷ் கண்ணிமைக்கிற நேரத்துக்குள்ள எரிஞ்சு அணையறது, அந்த நேரத்துல மூடியிருந்த பகுதி கறுப்பு. சென்சார்ல பிம்பம் தலைகீழா விழுறதால மேல மூடினது படத்துல கீழ வரும். கேமராவைச் செங்குத்தாப் பிடிச்சு எடுத்த படம் இருந்தா எடுத்துப் பாருங்க, பட்டை பக்கவாட்டுல இருக்கும்.

கேனானோட சொந்த ஃபிளாஷ் மாட்டியிருந்தா கேமராவே 1/200க்கு மேல போக விடாது. உங்க நண்பரோட ட்ரிக்கர் நடுவுல ஒத்தைப் பின் உள்ள சாதா ட்ரிக்கரா இருக்கும். மேல ஃபிளாஷ் இருக்குன்னே கேமராவுக்குத் தெரியாது, அதான் 1/500ஐ விட்டுருச்சு. (மார்க் 2வான்னு கேட்டதும் இதுக்காகத்தான். அதுல அந்த நடு பின்னே கிடையாது, இந்த மாதிரி ட்ரிக்கர் வெடிக்கவே வெடிக்காது.)

வாசு சொன்ன எல்இடி பட்டை வேற மாதிரி. ஓரம் மங்கலா, மஞ்சளும் நீலமுமா இருக்கும். அடுத்த படத்துல இடம் மாறும். மணி அண்ணன் சொன்ன கார்டு கோளாறுன்னா சாம்பல் நிறமா இல்லாட்டி ஊதாவா, கத்தியில வெட்டின மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர்ல படமே திறக்காமலும் போகலாம். இது ரெண்டும் இல்ல.

மாட்டுத்தாவணி_மணி (9:41)
இருந்தாலும் கார்டை மாத்திருங்க.

உசிலை_பாண்டி (9:44)
அப்ப கேமரா நல்லாருக்கா? வச்சுக்கலாமா?

வடக்குமாசி_செல்வி (9:58)
பட்டைக்குக் காரணம் ஷட்டர் இல்லைன்னுதான் சொன்னேன். ஷட்டர் நல்லா இருக்குன்னு இன்னும் தெரியாது. அதைத் தனியாச் சோதிக்கணும். காலைல வெயில் ஏறினதும் பத்து நிமிஷ வேலை.

வெயில் நேரா அடிக்கிற வெள்ளைச் சுவர் முன்னாடி நில்லுங்க, நிழல் எதுவும் விழக் கூடாது. ட்ரிக்கரைக் கழட்டிருங்க. மோடு எம். ஐஎஸ்ஓ 100, ஆட்டோ வேண்டாம். ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசரை ஆஃப் பண்ணுங்க, இல்லாட்டி இருட்டைக் கேமராவே பூசி மெழுகிரும். வைட் பேலன்ஸ் வெயில் சின்னத்துல நிக்கட்டும். லென்ஸ் 18லயே இருக்கணும். பின்னால இருக்கிற ஸ்கிரீன்ல பார்க்கிற லைவ் வியூ வேண்டாம், கண்ணை வச்சு வ்யூஃபைண்டர்ல பார்த்து எடுங்க. லைவ் வியூவுல முதல் திரை செய்யிற வேலையை சென்சாரே பார்த்துக்கும், திரையோட குறை தெரியாது.

இப்ப இந்த வரிசையில எடுங்க: 1/250 எஃப் 16, 1/500 எஃப் 11, 1/1000 எஃப் 8, 1/2000 எஃப் 5.6, 1/4000 எஃப் 4. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் துளை பெருசாகும். ஒவ்வொரு படியிலயும் நேரம் பாதியாகுது, துளை வழியா வர்ற வெளிச்சம் ரெண்டு மடங்காகுது. கூட்டிக் கழிச்சா அஞ்சு படமும் ஒரே வெளிச்சத்துல வரணும். எக்ஸ்போஷர் பாடத்துல பாதி இதுதான். மேகம் குறுக்க வந்தா திரும்ப முதல்ல இருந்து.

ஒரே படத்துக்குள்ள மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் வெளிச்சம் வித்தியாசமா இருந்தா, அதுவும் 1/2000, 1/4000ல மட்டும் இருந்தா, திரை ரெண்டும் ஒரே வேகத்துல ஓடலைன்னு அர்த்தம். யோசிக்காமத் திருப்பிக் குடுங்க. எஃப் 4ல நாலு மூலையும் லேசா கறுக்கும், அது லென்சோட குணம், கணக்குல எடுக்காதீங்க.

ஒளிமானி (10:06)
செல்வி சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எக்ஸ்போஷர் என்பது நேரமும் துளையும் மட்டுமே. ஐஎஸ்ஓ அதில் சேராது. நேரம், துளை, ஐஎஸ்ஓ மூன்றையும் சேர்த்து 'முக்கோணம்' என்று யூடியூபில் கற்றுக்கொடுப்பதால்தான் இப்படிப்பட்ட கேள்விகள் வருகின்றன.

திருநகர்_வாசு (10:11)
ஐஎஸ்ஓ சேராதா? 400ல இருந்து 800க்கு ஏத்தினா படம் வெளிச்சமாகுதா இல்லையா?

ஒளிமானி (10:15)
ஆகிறது. சென்சார் மேல் விழுந்த ஒளி கூடவில்லை, விழுந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது. ஐஎஸ்ஓ ஏற்றினால் புள்ளி புள்ளியாக வருகிறது என்கிறீர்களே, அதில் பெரும்பங்கு ஒளி குறைவாக விழுந்ததால் வருவது. ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்காதபோது சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடுவது போல.

திருநகர்_வாசு (10:19)
மண்டபத்துல நிக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் எதுக்குண்ணே? படம் வெளிச்சமா வந்தாச் சரி. பிலிம் காலத்துல 400 ரோல், 100 ரோல்னு வாங்கினோமே, அது என்னவாம்?

ஒளிமானி (10:24)
பிலிம் ரோலின் உணர்திறன் ரசாயனத்தில் இருந்தது. சென்சாரின் உணர்திறனை நீங்கள் மாற்றவே முடியாது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

வடக்குமாசி_செல்வி (10:31)
ரெண்டு பேரும் வேற இழை போட்டு நடத்துங்க, நானும் வந்து படிக்கிறேன். பாண்டி தம்பிக்கு இப்ப வேண்டியது ஃபிளாஷ் கணக்கு.

மண்டபத்துல ஃபிளாஷ் போட்டா படத்துல ரெண்டு வெளிச்சம்: ஃபிளாஷ் ஒண்ணு, மண்டபத்து லைட் ஒண்ணு. ஷட்டர் வேகம் மண்டபத்து லைட்டை மட்டும்தான் கூட்டிக் குறைக்கும். எஃப் எண்ணும் ஐஎஸ்ஓவும் ரெண்டையும் மாத்தும். ஃபிளாஷோட பவரும் தூரமும் ஃபிளாஷை மட்டும். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசிதான் வந்து சேரும். அதான் மேடையில முன்வரிசை வெள்ளையாகவும் பின்வரிசை கறுப்பாகவும் வருது.

பசங்க ஆடுறதைப் பிடிச்சு நிறுத்துறது ஃபிளாஷ்தான், 1/500 இல்ல. பவர் குறையக் குறைய ஃபிளாஷ் எரியிற நேரமும் குறையும், 1/4 பவருக்குக் கீழ போனா ஆட்டம் சுத்தமா நிக்கும். அதனால ஷட்டர் 1/160. ஏன் 1/200 இல்லைன்னா, விலை குறைஞ்ச ட்ரிக்கர் சிக்னலைக் கொஞ்சம் தாமதமா அனுப்பும், 1/200லயே கீழ ஒரு மெல்லிசுக் கோடு விழலாம். எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, ஃபிளாஷ் பவர் 1/8ல ஆரம்பிச்சு ஏத்தி இறக்கிக்கோங்க. ஐஎஸ்ஓவை ஒரு படி ஏத்தினா பவரை ஒரு படி இறக்கலாம், பேட்டரி நிக்கும், அடுத்த வெடிக்கும் சீக்கிரம் தயாராகும். பின்னணி ரொம்ப இருட்டா இருந்தா ஷட்டரை 1/80க்கு இறக்குங்க, முகத்துல மாற்றம் தெரியாது.

1/500தான் வேணும்னா ஹெச்எஸ்எஸ் (வேகமான ஷட்டருக்கும் ஃபிளாஷ் எரியிற வசதி) உள்ள ஃபிளாஷும் ட்ரிக்கரும் ரெண்டுமே வாங்கணும். அதுல பவர் நெறைய வீணாகும். மண்டபத்துக்குத் தேவையில்ல.

சிம்மக்கல்_ஷாஜகான் (10:40)
எல்லாரும் ஷட்டரையே பிடிச்சுக்கிட்டீங்க. வாங்கின விதத்தை யாரும் கேக்கலையே. பில் இருக்கா தம்பி?

உசிலை_பாண்டி (10:43)
துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. ஜிஎஸ்டி பில் வேணும்னா கூட ஆகும்னாங்க.

சிம்மக்கல்_ஷாஜகான் (10:55)
அந்தச் சீட்டுல சீரியல் நம்பர் இருக்கான்னு பாருங்க. கேமரா அடியில பொறிச்சிருக்கிற நம்பர், பெட்டியில இருக்கிற நம்பர், சீட்டுல இருக்கிறது, மூணும் ஒண்ணா இருக்கணும். சீட்டுல இல்லைன்னா நாளைக்குப் போகும்போது கடை முத்திரையோட எழுதி வாங்கிருங்க, தேதியும் 'ஏழு நாள்'ங்குறதும் சேர்த்து. நம்பர் இல்லாத சீட்டை வச்சுக்கிட்டு நாளைக்கு 'இந்தக் கேமராவை நாங்க விக்கவே இல்ல'ன்னா என்ன பண்ணுவீங்க? முறையான பில் இருந்தா 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் சொல்லலாம். காசு மிச்சம்னு பில்லை விட்டா பேச்சு உங்க பக்கம் நிக்காது.

ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருக்குங்குற கணக்கு, எவ்வளவுன்னு சொன்னாங்க?

உசிலை_பாண்டி (10:57)
4,300ன்னாங்க. படத்தோட பேர்லயே இருக்குன்னு காட்டுனாங்க.

சிம்மக்கல்_ஷாஜகான் (11:08)
அது கவுண்ட் இல்ல, ஃபைல் நம்பர். 9999 ஆனதும் திரும்ப 0001ல ஆரம்பிக்கும். 4,300ங்குறது 14,300ஆ இருக்கலாம், 34,300ஆ இருக்கலாம். மெனுவுல ரீசெட்டும் பண்ணலாம். நிக்கான்ல படத்துக்குள்ளயே உண்மையான எண்ணிக்கை பதிஞ்சிருக்கும், படத்தை ஏத்தினாலே தெரிஞ்சுரும். 200டில அப்படிப் பதியாது, ஒயர்ல கம்ப்யூட்டரோட மாட்டி அதுக்குன்னு உள்ள மென்பொருள்ல பார்க்கணும். கடைக்காரரையே பார்த்துக் காட்டச் சொல்லுங்க. அவர் தெரியாம சொல்லியிருந்தாலும் சரி, தெரிஞ்சே சொல்லியிருந்தாலும் சரி, விலையில ரெண்டாயிரம் குறைச்சுக் கேக்க இது போதும்.

அப்படியே லென்சைக் கழட்டி, பின்னாலருந்து செல்போன் டார்ச் அடிச்சு முன்னால பாருங்க. தூசி ரெண்டு மூணு இருந்தாப் பரவாயில்ல. சிலந்தி நூல் மாதிரி இழை ஓடுச்சுன்னா பூஞ்சை, வச்சுக்காதீங்க. சென்சார் பார்க்க எஃப் 22ல வெறும் வானத்தை எடுங்க. கறுப்புப் புள்ளி வந்தாத் துடைச்சா போயிரும், கீறலா கோடு தெரிஞ்சாப் போகாது. பேட்டரி எல்பி-இ17 ஒரிஜினலான்னும் பாருங்க, பழைய கேமராவுல முதல்ல மாத்துறது அதைத்தான்.

உசிலை_பாண்டி (மறுநாள், காலை 9:26)
செல்வி அக்கா, சுவர்ல எடுத்துட்டேன். நாலு படம் ஒரே மாதிரி. 1/4000 மட்டும் இருட்டா இருக்கு. ஷட்டர் போச்சா?

வடக்குமாசி_செல்வி (9:31)
படம் முழுக்க ஒரே மாதிரி இருட்டா, ஒரு ஓரம் மட்டுமா? அந்தப் படத்தோட விவரத்துல எஃப் எண்ணையும் லென்ஸ் எத்தனை எம்எம்னும் பாருங்க.

உசிலை_பாண்டி (9:38)
முழுக்க. எஃப் 5.6, 55 எம்எம்.

வடக்குமாசி_செல்வி (9:41)
ஜூம் திரும்பியிருக்கு. இந்த லென்ஸ்ல 18ல எஃப் 4, 55க்குப் போனா 5.6க்கு மேல திறக்காது. ஒரு படி இருட்டு அதனாலதான். முந்தின நாலும் 5.6 இல்லாட்டி அதைவிடச் சின்னத் துளை, அதான் தப்பிச்சுது. 18ல வச்சு அந்த ஒண்ணை மட்டும் திரும்ப எடுங்க.

உசிலை_பாண்டி (பிற்பகல் 3:12)
சரியா வந்துச்சு. 1/160ல ட்ரிக்கர் போட்டும் பார்த்தேன், பட்டை இல்ல. கவுண்ட் 31,000 சொச்சம். கடையில 1,500 குறைச்சாங்க, பில்லும் நம்பரோட வாங்கியாச்சு. நன்றி.

மாட்டுத்தாவணி_மணி (3:20)
கார்டு மாத்துனீங்களா?

புதூர்_பிரபு (இரவு 7:55)
அண்ணே, இதே ட்ரிக்கர் என்கிட்ட இருக்கு. 200டி மார்க் 2ல வெடிக்க மாட்டேங்குது. ஷட்டர் கோளாறா?

ஒளிமானி (7:58)
மேலே படிக்கவும்.