நாற்பது லட்சம்: மனையா, பங்குகளா?

தாமிரபரணி:
எனக்கு வயது 47. மதுரையில் சொந்த வீடு இருக்கிறது, கடன் ஏதும் இல்லை. வங்கி வைப்பில் இருக்கும் 40 லட்சம் ரூபாய் அடுத்த மாதம் முதிர்வடைகிறது. திருப்போரூர் பக்கம் ஒரு மனைக்கு உடனே முன்பணம் கொடுக்கச் சொல்கிறார் என் மைத்துனர். அலுவலக நண்பர்களோ பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளில், அதாவது ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதிகளில், போடச் சொல்கிறார்கள். மகள் கல்லூரியில் சேர இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. எதில் போடுவது?

கணக்குப்பிள்ளை:
மனை வாங்கும் நாளிலேயே எவ்வளவு போகிறது என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 40 லட்ச ரூபாய் மனைக்கு 3.60 லட்சம் பத்திரப்பதிவுக்கே தனியாக வேண்டும். "வாங்கிய மனை பதினைந்து ஆண்டுகளில் நான்கு மடங்கானது" என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். கூட்டு வளர்ச்சியாகக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 9.7 விழுக்காடுதான், பதிவுச் செலவையும் சேர்த்தால் 9 விழுக்காட்டுக்கு அருகில் வந்துவிடும். வேலி போட்டதும் தரகு கொடுத்ததும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

செம்மண்:
நண்பர் கணக்குப்பிள்ளை மனையின் செலவுகளை எண்ணிய கவனத்தோடு சந்தையின் வரலாற்றையும் எண்ணியிருக்கலாம். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அடுத்த ஆண்டு மார்ச்சில் 8,000 அளவுக்கு இறங்கியது. பழைய உயரத்தை உறுதியாகத் தாண்ட 2013 இறுதி வரை ஆனது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் எட்டிய உச்சத்தை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில்தான். 47 வயதுக்காரரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்வது எளிது. எத்தனை ஆண்டுகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
ஜப்பானின் கதை உண்மைதான், ஆனால் அதே காலத்தில் அங்கே நிலத்தின் விலையும் சரிந்தது என்பதைத் தாங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மனையின் விலை தினமும் திரையில் ஓடுவதில்லை. அதனால் அது இறங்குவதே இல்லை என்று நம்பிக்கொள்கிறோம். உண்மையான விலை என்ன என்பது விற்கப் போகும் அன்றுதான் தெரியும்.

செம்மண்:
திரையில் ஓடாததே நல்லது என்கிறேன். 2020 ஜனவரியில் 42,000 அளவில் இருந்த சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000க்கு வந்தபோது, அஞ்சி விற்றவர்கள் நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள்தான். நவம்பருக்குள் சந்தை பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. விற்றவர்களின் நட்டம் நட்டமாகவே நின்றது. அந்த எட்டு மாதங்களில் மனை வைத்திருந்த ஒருவரும் பதறிப்போய் விற்றதாக நான் கேள்விப்படவில்லை. பத்திரம் பீரோவில் இருந்தது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
பதறி விற்க முடியாத பொருளை அவசரத்துக்கும் விற்க முடியாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, முறையாகப் பணம் கொடுத்து வாங்கிய எத்தனையோ குடும்பங்கள், திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் விற்க எண்ணியிருந்த மனையை விற்க இயலாமல் நின்றன. பங்கை இன்று விற்றால் பணம் அடுத்த வேலை நாளில் கணக்குக்கு வந்துவிடும். ஒரு லட்சம் தேவையென்றால் ஒரு லட்சத்துக்கு மட்டும் விற்கலாம். அரை கிரவுண்டு மனையில் ஒரு மூலையை மட்டும் யார் வாங்குவார்கள்?

வரியிலும் இதே வேறுபாடுதான். 2024 ஜூலைக்குப் பின் இரண்டுக்கும் நீண்டகால ஆதாய வரி (நெடுநாள் வைத்திருந்து விற்ற லாபத்துக்கான வரி) 12.5 விழுக்காடு என்றாலும், பங்குகளில் ஆண்டுதோறும் 1.25 லட்சம் வரையிலான ஆதாயத்துக்கு வரி கிடையாது. சிறிது சிறிதாக விற்பவருக்கு அது ஒவ்வோர் ஆண்டும் பயன்படும். மனையின் ஆதாயமோ விற்கும் ஆண்டிலேயே மொத்தமாக வந்து நிற்கும்.

வடபழனிவாசி:
இருவரும் மகளின் கல்லூரியை மறந்துவிட்டீர்கள். நான்கு ஆண்டுகளில் கட்டியே ஆக வேண்டிய தொகைக்குப் பங்கும் சரிவராது, மனையும் சரிவராது. அதைத் திரும்பவும் வங்கி வைப்பில் போட்டுவிட்டு, மீதியைப் பற்றி மட்டும் பேசுவதே முறை.

செம்மண்:
அதை ஏற்கிறேன். ஆனால் மீதித் தொகைக்கு இன்னும் சிறிய மனை கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறியீட்டு நிதிதான் ஒரே வழி என்பதை நான் ஏற்கவில்லை. தாமிரபரணி அவர்களே, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் டிடிசிபி (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண்ணும் கைக்கு வரும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

தாமிரபரணி:
மூவருக்கும் நன்றி. கல்லூரிக்கான 15 லட்சத்தை வைப்பிலேயே தொடரப் போகிறேன். ஒப்புதல் எண்ணை மைத்துனரிடம் கேட்டேன். வண்ண வரைபடம் ஒன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதில் பூங்காவும் நீச்சல் குளமும் இருக்கின்றன, எண் இல்லை.

செம்மண்:
அப்படியானால் அந்த மனை வேண்டாம். மனைக்காக வாதாடுகிறவனாகவே இதைச் சொல்கிறேன்.