குவான்டிஃபயருக்கு ‘அளவுச்சொல்’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

‘மெனி’, ‘மச்’, ‘எ ஃபியூ’ போல எவ்வளவு, எத்தனை என்று சொல்லும் ஆங்கிலச் சொற்களைக் குவான்டிஃபயர் என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழ்ப் பெயராக இதுவரை வந்த பரிந்துரைகள் அளவையடை, அளவாக்கி, தொகைச்சொல். நான் ‘அளவுச்சொல்’ என்பதை முன்வைக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடித்து மாலையில் வருகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் வாயில் புழங்கும் சொல்லாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தொகைச்சொல்லை விட்டுவிடலாம். முக்கனி, இருதிணை போன்றவற்றுக்குப் பள்ளிப் பாடத்திலேயே அந்தப் பெயர் உண்டு. அளவாக்கியும் வேண்டாம். ‘மெனி’ எதையும் ஆக்குவதில்லை, அளவைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அளவையடையைத்தான் யோசித்து மறுக்க வேண்டியிருக்கிறது. அடை என்றால் பெயருக்கு முன்னால் வர வேண்டும். ஆனால் ‘எத்தனை பீஸ் ரிஜெக்ட்?’ என்று கேட்டால் ‘எ ஃபியூ’ என்றோ ‘நன்’ என்றோ தனியாகப் பதில் வரும். ‘நன்’ பெயருக்கு முன்னால் ஒட்டுவதே இல்லை. தமிழிலும் ‘பல’, ‘சில’ தனித்து நிற்கும். தொல்காப்பியர் பெயரியலில் ‘பல்ல பல சில என்னும் பெயரும்’ என்று அவற்றை அஃறிணைப் பெயர்களோடுதான் சேர்த்திருக்கிறார். ‘எல்லாம்’ என்பதையும் ‘பெயர்நிலைக் கிளவி’ என்கிறார். பிறகு நாம் ஏன் எல்லாவற்றையும் அடைக்குள் அடைக்க வேண்டும்? ‘சொல்’ என்று வைத்தால் இரண்டு நிலைக்கும் பொருந்தும். ‘அளவை’ என்றால் கிலோவும் லிட்டரும் நினைவுக்கு வரும், தருக்க நூலில் அறியும் வழியைக் குறிக்கும் ‘அளவை’யும் குறுக்கிடும். ‘அளவு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

இந்தப் பெயர் வகுப்பில் என்ன உதவி செய்கிறது என்று கேட்பீர்கள். நம் ஆட்களுக்கு ‘மச்’, ‘மெனி’ குழம்பக் காரணம், தமிழில் ‘நிறைய’ என்ற ஒரே சொல் துணிக்கும் வரும், ஆளுக்கும் வரும். ஆனால் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்ற நம் பழைய நான்கு அளவையும் ஒரே கம்பெனிக்குள் இருக்கின்றன. பீஸை எண்ணுகிறோம், பின்னலாடைத் துணியைக் கிலோவில் எடுக்கிறோம், சாயப்பட்டறையில் தண்ணீரை லிட்டரில் முகக்கிறோம், எலாஸ்டிக்கை மீட்டரில் நீட்டுகிறோம். எண்ணினால் ‘மெனி’, மற்ற மூன்றுக்கும் ‘மச்’. துணி ரோலாக வந்து இறங்கினால் ‘ஹவ் மெனி ரோல்ஸ்’, அதே துணியை எடை போட்டால் ‘ஹவ் மச் ஃபேப்ரிக்’. கட்டிங் மாஸ்டர் ஒருவருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது.

இன்னொன்று, ‘ஃபியூ’வும் ‘எ ஃபியூ’வும். இது பணத்தில் போய் முடியும் விஷயம். செக்கிங் முடிந்ததும், சரக்கு வாங்கும் பையருக்கு ‘ஃபியூ பீசஸ் ஹேவ் ஸ்டெயின்ஸ்’ என்று மெயில் போகிறது. எழுதியவர் சொல்ல வந்தது, ‘சில பீஸில் கறை இருக்கிறது, கவனியுங்கள்’. பையர் படித்துக்கொள்வது, ‘சில பீஸில்தான் கறை, பெரிதாக ஒன்றுமில்லை’. நம் ‘தான்’ செய்யும் வேலையை ஆங்கிலம் ‘எ’வை எடுத்துவிட்டுச் செய்கிறது. ‘எ’ போனால் ‘தான்’ வரும் என்று சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்கள். ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ இரண்டுக்கும் இதே கணக்குத்தான்.

அப்புறம், தமிழில் அளவு சொல்வது தனிச்சொல்லின் வேலை மட்டுமல்ல. ‘இருவரும் வந்தார்கள்’ என்பதில் ‘போத்’ எங்கே இருக்கிறது? ‘ஒருவர் விடாமல்’ என்று முழுமையைக் காட்டும் அந்த ‘உம்’மில், அதாவது முற்றும்மையில். ‘யாரும் வரவில்லை’யில் ‘எனி’யின் வேலையைச் செய்வதும் ‘உம்’தான். ஆகவே அளவுச்சொல் என்பதை ஆங்கில இலக்கணத்துக்கான கலைச்சொல்லாக மட்டும் பதிவோம். தமிழ் இலக்கணத்தை விளக்கும்போது உம்மையையும் தான்-ஐயும் இதற்குள் இழுக்க வேண்டாம், அவை இடைச்சொற்களாகவே இருக்கட்டும்.

கூடவே முடிவு செய்ய வேண்டியது கவுன்டபிள், அன்கவுன்டபிள், அதாவது ஆங்கிலத்தில் எண்ணிச் சொல்லும் பெயர்ச்சொல்லுக்கும் அப்படி எண்ணாத பெயர்ச்சொல்லுக்கும் உரிய பெயர்கள். கவுன்டபிளுக்கு ‘எண்ணுப்பெயர்’ ஆகாது, அது ஒன்று, இரண்டு, மூன்றுக்கு உரியது. அன்கவுன்டபிளுக்கு ‘அளத்தற்பெயர்’ என்றும் யோசித்தேன். ஆனால் ‘இன்ஃபர்மேஷன்’, ‘எக்விப்மென்ட்’ இரண்டையும் யாரும் அளப்பதில்லை. நாம் தகவல்கள், கருவிகள் என்று எண்ணவே செய்கிறோம், அதனால்தான் ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனவே ‘எண்ணும் பெயர்’, ‘எண்ணாப் பெயர்’ என்பவை என் பரிந்துரை. ‘எண்ணும் பெயர்’ என்பது எண்ணுப்பெயரோடு குழம்பும் என்று நினைப்பவர்கள் மாற்று ஒன்றைச் சொல்லுங்கள், பட்டியலில் சேர்க்கும் முன் பார்த்துவிடலாம்.