தண்ணீருக்குள் போட் சத்தமும் குமிழியும்: ஒரு சந்தேகம்

அலம்பில் பெடியன்:
நேற்று மாமாவின் வள்ளத்தில் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்சம் சுழியோடினேன். ஒரு போட் என் தலைக்கு மேலேயே வருகிற மாதிரிச் சத்தம், பதறியடித்து மேலே வந்தால் அது எங்கேயோ தூரத்தில் போகிறது, எந்தப் பக்கத்துச் சத்தம் என்றே பிடிபடவில்லை. இது ஏன்?
மற்றது, மாமாவின் எக்கோ சவுண்டர் (தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து ஆழமும் மீனும் காட்டுகிற கருவி). என்ஜினைப் பின்னுக்கு எடுத்தால் திரை முழுக்கப் புள்ளி. "குமிழி புகுந்திட்டுது" என்கிறார். குமிழிக்குள் இருப்பது வெறும் காற்றுத்தானே, அது சத்தத்தை எப்படி மறிக்கும்?

குளத்தங்கரை:
தம்பி, முதல் கேள்வி லேசு. ஒலி காற்றில் செக்கனுக்கு 340 மீற்றர் ஓடும், கடலில் கிட்டத்தட்ட 1500. இரண்டு காதுக்கும் சத்தம் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் பக்கம் பிடிக்கிறோம், தண்ணீருக்குள் அது நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடும். போதாததற்கு மண்டையோட்டு எலும்பு வழியாகவும் சத்தம் நேரே உள்ளே இறங்கும்.
குமிழிதான் வில்லங்கம். தண்ணீர் பாரம், ஆனால் லேசில் நசியாது. காற்று நசியும், ஆனால் பாரமில்லை. இரண்டும் கலந்தால் தண்ணீரைப் போலப் பாரமாகவும் காற்றைப் போல நசிகிறதாகவும் ஒரு சாமான் வரும், அதற்குள் ஒலி இழுபட்டுத்தான் போகும். நூற்றில் ஒரு பங்கு காற்று சின்னக் குமிழிகளாகக் கலந்தாலே, தாழ்ந்த சுருதிச் சத்தத்தின் வேகம் 120 மீற்றர் அளவுக்கு விழுந்துவிடும், வெறும் காற்றில் போவதைவிடக் குறைவு! அந்த எல்லையில் பட்டுச் சத்தம் திரும்பி எறிபடும். ஒவ்வொரு குமிழிக்கும் சொந்தச் சுருதியும் உண்டு. 1 மில்லிமீற்றர் ஆரமுள்ளது செக்கனுக்கு 3,300 தடவை அளவில் சுருங்கி விரியும் (மினார்ட் என்பவர் 1933இல் கணக்குப் போட்டது). அந்தச் சுருதிச் சத்தம் வந்தால் குமிழி அதை விழுங்கி நாலாபக்கமும் சிதறடிக்கும்.
நம்பாவிட்டால் ஒரு கண்ணாடிக் கிளாசில் சோடா ஊற்றி, உள்ளே அடியில் கரண்டியால் தட்டிக்கொண்டே உப்புப் போட்டுப் பாருங்கள். குமிழி கிளம்பி ஒலியின் வேகம் குறைய, தட்டுகிற சத்தத்தின் சுருதியும் இறங்கும்.

நாயாற்று வாடி:
மாமா சொல்வது சரி. பின்னுக்கு எடுக்கும்போது என்ஜின் விசிறி அடிக்கிற நுரை முழுக்க வள்ளத்துக்குக் கீழேதான் வரும். எக்கோ சவுண்டரின் சென்சரை (சத்தம் அனுப்பி வாங்குகிற பகுதி) விசிறிக்குக் கிட்டப் பூட்டியிருக்கிறாரோ தெரியாது, தள்ளி, நுரை படாத இடத்தில் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பூட்டச் சொல்லுங்கோ. வாடைக்காற்றில் கடல் வெள்ளையடிக்கிற நாளில் எங்கே பூட்டினாலும் கரைச்சல்தான்.
இன்னொன்று. நீங்கள் கேட்டு ஓடின அந்தப் போட் சத்தத்திலேயே பெரும்பங்கு குமிழிதான். விசிறி வேகமாகச் சுற்றும்போது இலைக்குப் பின்னால் அமுக்கம் குறைந்து தண்ணீரே ஆவிக் குமிழியாகும், அது உடைகிற சத்தம் அது. கடலடிப் பாரில் (பாறைத் திட்டில்) கடுகு வெடிக்கிற மாதிரிப் படபட என்று கேட்கவில்லையா? அது ஒரு சின்ன இறால், கொடுக்கைச் சொடுக்கிக் குமிழி உண்டாக்குகிறது, சத்தம் கொடுக்கில் இல்லை, குமிழி நொறுங்குவதில்.

அலம்பில் பெடியன்:
கேட்டது, கேட்டது! கண்ணாடிக்குள் மணல் போய்விட்டது என்று நினைத்தேன்.
சோடாவும் செய்து பார்த்தேன் அண்ணை. உப்பு விழுந்தவுடன் 'டிங்' என்று இருந்தது 'டொங்' என்று இறங்கி, நுரை அடங்க அடங்கப் பழையபடி ஏறுகிறது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு போத்தலில் இருந்த மிச்சச் சோடாவைக் குடித்துவிட்டார், சென்சரை நாளைக்குக் கழற்றுகிறாராம்.