WWE மல்யுத்தப் பெருங்காட்சி: வருடத்துக்கு நாலு போதுமா, மாதம் ஒன்று வேணுமா?

பனங்கொட்டை:
நான் பழைய ஆள், முதலே சொல்லிவிடுகிறேன். தையில் றோயல் றம்பிள் (ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து, கயிற்றுக்கு மேலால் வெளியே தள்ளப்படாமல் கடைசியாக நிற்பவர் வெல்கிற மோதல்), பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ றெஸில்மேனியா, ஆவணியில் சம்மர்சிலாம், கார்த்திகையில் சேர்வைவர் சீரிஸ். நாலே நாலு. ஒன்று முடிந்தால் அடுத்ததுக்கு ஆசையோடு காத்திருப்போம். இப்போது மாதாமாதம் ஒன்று வருகிறது. 2020இல் மேனியாவை இரண்டு இரவாக்கினார்கள், 2025இல் சம்மர்சிலாமையும் ஆக்கிவிட்டார்கள். நல்லூர் முருகன் கோயில் திருவிழாவில் 25 நாளும் தேர் இழுத்தால் எவர் விடியக் குளித்துவிட்டு ஓடிப்போவார்?

கொக்குவில் காளை:
அண்ணை, நல்லூரைக் கூப்பிட்டது நீங்கள்தான், பிறகு கோபிக்கக் கூடாது. தேர் ஒருநாள்தான், ஆனால் முருகன் 25 நாளும் வெளியே வருகிறார்தானே? பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம். அதெல்லாம் நடந்தபடியால்தான் 24ஆம் நாள் தேருக்கு அந்தச் சனம். மாதாந்தக் காட்சிகளும் அப்படித்தான், மேனியாவுக்கு ஆளைச் சேர்க்கிற வேலை.

அப்புறம், உங்கள் நாலும் ஏதோ தவமிருந்து வந்த மாதிரிக் கதைக்கிறீர்கள். 1983இலிருந்து குரோக்கெட் என்ற போட்டி மல்யுத்தக் கம்பனி அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளில் ஸ்டார்கேட் என்ற காட்சியை நடத்தி வந்தது. அதைக் கெடுக்கத்தான் WWEயின் அப்போதைய முதலாளி வின்ஸ் மக்மேன் 1987இல் அதே வியாழக்கிழமையில் சேர்வைவர் சீரிஸைப் போட்டார். ஸ்டார்கேட்டைக் காட்டினால் அடுத்த மேனியா கிடையாது என்று கேபிள்காரரை மிரட்டியும் பார்த்தார். 1988 தையில் குரோக்கெட் காசு கட்டி ரீவியில் பார்க்கிற இன்னொரு காட்சி வைத்த அன்றே முதல் றம்பிளை ரீவியில் இலவசமாக விட்டார். உங்கள் நாலில் இரண்டு எரிச்சலில் பிறந்தவை.

பனங்கொட்டை:
எரிச்சலில் பிறந்தால் என்ன, பிள்ளை நல்ல பிள்ளையாக வளர்ந்ததா இல்லையா? பிறப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. காட்சி கூடக் கூடக் கதை மெலிகிறது என்கிறேன். ஹெல் இன் எ செல் கூண்டை எடுங்கள். 1997 ஐப்பசியில் ஷோன் மைக்கல்ஸும் அண்டர்டேக்கரும் உள்ளே போனார்கள், ஏனென்றால் மைக்கல்ஸ் ஓடித் தப்ப முடியாத இடம் தேவைப்பட்டது. அடுத்த வருடம் ஆனியில் அண்டர்டேக்கர் மான்கைண்டை அந்தக் கூண்டின் உச்சியிலிருந்து வர்ணனையாளர் மேசை மேல் எறிந்தார். இன்றைக்கும் அதைப் பார்த்தால் வயிறு கலங்கும். 2009இல் என்ன செய்தார்கள்? அந்தப் பெயரிலேயே ஒரு காட்சி. பகை இருக்கோ இல்லையோ, மாதம் வந்தால் கூண்டு இறங்கும். 2022க்குப் பிறகு அவர்களே அதைக் கைவிட்டார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கொக்குவில் காளை:
இது சரி. கூண்டு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் மணி இன் த பாங்க்? 2005இல் மேனியாவுக்குள் ஒரு போட்டியாகத் தொடங்கி, 2010இல் தனிக் காட்சியானது. ஏணியில் ஏறிப் பெட்டியை எடுத்தவர் தான் நினைத்த நேரம் சாம்பியனோடு மோதலாம். அவர் எப்போது வந்து பாய்வார் என்று மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறோமே. உங்களுக்குப் பிடித்த காத்திருப்பு அதுக்குள்ளேயும் இருக்கிறது.

இணுவில் தங்கை:
இரண்டு பேரும் ஆம்பிளைகளின் நாட்காட்டியைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள். றம்பிள் 1988இல் தொடங்கியது. பெண்களுக்கென்று தனி றம்பிள் எப்போது? 2018இல், அசுகா வென்றது. முப்பது வருடம். அதே வருடம் ஐப்பசியில் பெண்கள் மட்டும் மோதிய எவலூஷன், அடுத்தது 2025 ஆடி வரைக்கும் இல்லை. அண்ணையின் நாலு காட்சிக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம், அதுவும் சனம் தேநீர் குடிக்கப் போகிற நேரம். காட்சி கூடினபடியால்தான் இடம் கிடைத்தது.

பனங்கொட்டை:
தங்கச்சி, இதுக்கு என்னிடம் பதில் இல்லை. நாலு காட்சிக்குள்ளேயே கூட இடம் கொடுத்திருக்கலாம் என்று மட்டும் சொல்லலாம். கொடுக்கவில்லை என்பது உண்மை.

வேலணைத் தோணி:
ஒருவரும் நேரத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. மேனியா இலங்கையில் எங்களுக்கு விடியப்புறம்தான். சனி, ஞாயிறு என்று அவர்கள் நடத்தினால் எங்களுக்கு ஞாயிறு, திங்கள். திங்கள் விடிய எழும்பிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனால் கண் மிளகாய் போட்ட மாதிரி எரியும். 2014 மேனியாவில் லெஸ்னர் அண்டர்டேக்கரின் 21 மேனியா வெற்றித் தொடரை முறித்ததும் எங்களுக்குத் திங்கள் காலைதான். அன்றைக்கு முழுக்க ஒருத்தரோடும் கதைக்க மனம் வரவில்லை. 2022இல் பிரித்தானியாவின் கார்டிஃபிலும் 2024இல் அவுஸ்திரேலியாவின் பேர்த்திலும் காட்சி வைத்தார்கள். ஒன்றை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தேன், மற்றதைப் பின்னேரத் தேநீரோடு. நாட்காட்டி கூடினபடியால் அமெரிக்காவுக்கு வெளியே அடிக்கடி வருகிறது. எனக்கு இது போதும்.

கொக்குவில் காளை:
அண்ணையிடம் ஒரு கேள்வி. தையில் றம்பிள், சித்திரையில் மேனியா என்கிறீர்களே, தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட்டே இல்லை. அந்தந்த மாதத்தில் எப்படிப் பார்த்தீர்கள்?

பனங்கொட்டை:
பிடித்துவிட்டாய். பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து யாராவது வீடியோ கசெட் கொண்டுவந்தால்தான். 1992 தை றம்பிள் எங்கள் ஒழுங்கைக்கு அந்த ஆடியில்தான் வந்தது. ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றும் வாடகை. சத்தம் கேட்காமலிருக்க ஜெனரேற்றரைக் கிணற்றடியில் வைத்தோம், மண்ணெண்ணெயில் ஓடியது. வோல்டேஜ் விழுந்தால் படம் இரண்டு பக்கமும் சுருங்கும், ஆட்கள் ஒல்லியாவார்கள். ரிக் பிளேர் மூன்றாம் ஆளாக வந்து ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடித்து நின்றார். கடைசியில் பிளேர், சவேஜ், சிட், ஹோகன் நாலு பேர். அந்த இடத்தில் எண்ணெய் முடிந்தது.

கொக்குவில் காளை:
ஐயோ. அப்ப உங்கள் நாட்காட்டி கசெட் வந்த நாள்தானே?

பனங்கொட்டை:
ஓம். அதனால்தான் சொல்கிறேன், அரை வருடத்துக்கு ஒரு கசெட் என்றால் அதைப் பற்றி அரை வருடம் கதைப்போம். முடிவை இன்னொரு ஒழுங்கைப் பெடியன் வந்து சொன்னான்: பிளேர் வென்றார், ஹோகனைச் சிட் ஏமாற்றித் தள்ளினார் என்று. பத்து வருடம் அதை நம்பிச் சிட்டைத் திட்டினோம். பிறகு டவுனில் ஒரு நெட் கபேயில் பார்த்தால், சிட் தள்ளியது ஒழுங்காகத்தான். வெளியே விழுந்த ஹோகன் கீழே நின்று சிட்டின் கையைப் பிடித்து இழுக்கிறார், பின்னாலிருந்து பிளேர் தள்ளுகிறார்.

வேலணைத் தோணி:
நாங்களும் சிட்டைத்தான் திட்டினோம் அண்ணை. அந்தப் பெடியன் எங்கள் பக்கமும் வந்திருக்கிறான் போல.