ஒரே அறக்கொட்டிக்கு இரண்டு அளவில் இறக்கை, ஏன்?

வயற்கரை:
யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கட காலபோக நெல்வயல், இப்போது கதிர் தண்டுக்குள் இருக்கிற குடலைப் பருவம். நேற்றுக் காலை பயிரின் அடியைத் தட்டினேன், உள்ளங்கையில் நாலைந்து அறக்கொட்டி (நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலத் தத்துப்பூச்சி) விழுந்தன. எல்லாம் ஒரே கபில நிறம்தான், ஆனால் சிலதுக்கு இறக்கை வயிற்றையும் தாண்டிக் கிடக்கிறது, சிலதுக்குப் பாதி வயிற்றோடு நின்றுவிட்டது, அதுகள் நல்ல பருமனும்கூட. பாதி இறக்கை உள்ளவை குஞ்சுகளா, வேறு இனமா? அப்பாவுக்கும் தெரியவில்லை.

பச்சைவரம்பு:
தம்பி, இரண்டும் ஒரே இனம், இரண்டும் வளர்ந்தவை. குஞ்சுக்கு இறக்கை மொட்டு மட்டும்தான் இருக்கும். குட்டை இறக்கைக்காரி பறக்கமாட்டாள், ஆனால் மற்றவளைவிட முந்தியே முட்டையிடத் தொடங்குவாள், கூடுதலாகவும் இடுவாள். நீங்கள் கண்ட பருமன் அந்த முட்டை வயிறுதான். பயிர் பசுமையாக இருக்கும்வரை பறந்து எங்கே போவது? நெரிசல் கூடி, பயிரும் வாடத் தொடங்கினால் குஞ்சுகள் நீள இறக்கையோடு வளர்ந்து கிளம்பிவிடும், காற்றோடு கடல் தாண்டி வருஷாவருஷம் யப்பான் வரைக்கும் போகிற பூச்சி இது. அவசரப்பட்டு மருந்து அடிக்காதீங்கோ, சிலந்திகள் செத்தால் இது இன்னும் பெருகும். யூரியாவையும் கூட்ட வேண்டாம்.

மழைஈசல்:
அண்ணை சொன்னதோடு ஒன்று. 2015 இல் சீன ஆய்வாளர்கள் இதில் இரண்டு இன்சுலின் வாங்கிகளை (இன்சுலின் தரும் சைகையைக் கலத்தில் பெறும் புரதங்கள்) காட்டினார்கள்: முதலாவது வேலை செய்தால் நீள இறக்கை, இரண்டாவது அதை அடக்கினால் குட்டை. பரம்பரையலகு மாறவில்லை, வளரும்போதே வழி பிரிகிறது. பறக்கும் தசையை வளர்க்கச் செலவு அதிகம், அந்தச் சத்து முட்டைக்குப் போகலாம். எறும்பு ராணியைப் பாருங்கோ, கலவி முடிந்ததும் இறக்கையை உதிர்த்துவிட்டு, பல இனங்களில் அந்தத் தசையையே கரைத்து முதல் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது.

கூர்ப்பு மாணவி:
அப்படியானால் இறக்கையே இல்லாமல் போன இனங்கள்? அத்திலாந்திக் கடலில் உள்ள மடெய்ராத் தீவில் 550 வண்டினங்களில் 200 பறக்க முடியாதவை என்று டார்வின் 1859 இல் எழுதினார், பறந்தவற்றைக் காற்று கடலில் தள்ளியிருக்கும் என்பது அவர் விளக்கம். எனக்கு அது மட்டும் போதாது. கடலே இல்லாத மலைக்காடுகளிலும் இறக்கையற்ற வண்டுகள் கனக்க இருக்கின்றன. இடம் நீண்ட காலம் மாறாமல் இருந்தால் பறப்பு வீண் செலவாகிவிடும் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வயல் நாலு மாதத்தில் வெட்டுப்படும், அதனால்தான் அறக்கொட்டி நீளம், குட்டை என்ற இரண்டு இறக்கையையும் கைவிடவில்லை.

வயற்கரை:
நன்றி எல்லாருக்கும். பின்னேரம் திரும்பப் போய்ப் பார்த்தேன். பச்சையாக நிற்கிற பக்கம் குட்டை இறக்கைதான் கூட, வாய்க்கால் ஓரம் மஞ்சளடித்த இடத்தில் பெரும்பாலும் நீள இறக்கை. சிலந்தியும் நிறைய நிற்கிறது, மருந்தை இப்போதைக்கு விட்டுவிட்டோம்.