மறைந்த கல்லூரித் தோழியை நினைவுகூர எது பொருத்தமாக இருக்கும்?

கேள்வி (ஹூஸ்டன் வாசகி):

ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், தெற்காசிய மாணவிகளுக்கான சொராரிட்டி (மாணவியர் சங்கம்) ஒன்றில் என்னோடு ஒரே அணியில் உறுதிமொழி ஏற்றுச் சேர்ந்த தோழி, பட்டம் பெற்ற சில ஆண்டுகளிலேயே கடும் இரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டாள். பொருத்தமான எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வளாகத்தில் கப்பா ஃபை காமா என்ற தெற்காசிய சொராரிட்டி 1998-இல் தொடங்கியதிலிருந்தே இத்தகைய சங்கங்கள் வேரூன்றியிருப்பதால், ஊரை விட்டு வந்து சேரும் எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே ஒரு குடும்பம் கிடைத்துவிடுகிறது. எனக்கு அந்தக் குடும்பம் பெரும்பாலும் அவள்தான்.

தேர்வு வாரத்தில், எங்கள் எல்லோருடைய தேர்வு நேரங்களையும் ஒரே தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பாள். தேர்வுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு அறைக் கதவு தட்டப்படும். படுத்துக்கொண்டே "எழுந்துவிட்டேன்" என்று சொன்னால் அவளிடம் செல்லாது, கதவைத் திறந்து முகத்தைக் காட்ட வேண்டும். கேரட் துருவிப் போட்டுத் தாளித்த தயிர்சாதம் ஒரு காப்பிக் கோப்பை நிறையக் கைக்கு வரும். யார் தேர்வை மோசமாக எழுதிவிட்டு வந்தார்கள் என்பது, அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த வசந்தத்தில் பழைய மாணவியர் கூடுகிறோம். அவள் பெயரில் உதவித்தொகை வைக்கலாம் என்கிறார்கள் சிலர். மஜ்ஜைக் கொடையாளர் பதிவு முகாம் நடத்தலாம் என்கிறார்கள் வேறு சிலர். அவளுடைய அம்மாவோ, தம் மகளை நோயாளியாக மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது என்கிறார். அவளைக் கண்டிராத இன்றைய மாணவிகளுக்கும் அவள் யாரென்று புரிய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1 (டாலஸ், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):

அன்புள்ள சகோதரி, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். முகாம் நடத்துங்கள் என்றே சொல்வேன். உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பே 25 விழுக்காடுதான். அமெரிக்க மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடான என்.எம்.டி.பி. தரும் கணக்கின்படி, முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 79 விழுக்காடு, ஆசியருக்கு 47 விழுக்காடு. பொருத்தத்தைத் தீர்மானிக்கும் திசுவகை பரம்பரையாக வருவது. நம் வம்சாவளியினர் பதிவேட்டில் குறைவாக இருப்பதால் நம் நோயாளிகள்தான் காத்துக் கிடக்கிறார்கள். பாதிப் பொருத்தமுள்ள உறவினரிடமிருந்து பெறும் முறை இப்போது பலருக்குக் கைகொடுக்கிறது என்றாலும், பதிவேட்டின் தேவை குறைந்துவிடவில்லை.

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தால் பதிவு முடிந்துவிடும். ஆனால் கூட்டத்தோடு கூட்டமாகப் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் கழித்து அழைப்பு வரும்போது பின்வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதுவரை நம்பிக்கையோடு இருந்த நோயாளிக்கு அது பெரிய அடி. ஆகவே, பெரும்பாலான கொடைகள் இன்று கையிலுள்ள இரத்தக் குழாய் வழியாகவே நடக்கின்றன என்பதையும், அதற்கு முன் சில நாட்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும், அப்போது எலும்பு வலி வரலாம் என்பதையும் முகாமிலேயே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மனமுவந்து பதிபவர்கள் பத்துப் பேரே ஆனாலும் போதும்.

பதில் 2 (நியூ ஜெர்சி, கணக்காளர்):

உதவித்தொகை பற்றி மட்டும் சொல்கிறேன். நிரந்தர நிதியாக அமைக்கப் பல பல்கலைக்கழகங்கள் குறைந்தது 25,000 டாலர் கேட்கும். ஆண்டுதோறும் அதில் 4 அல்லது 5 விழுக்காடுதான் செலவுக்கு வரும், அதாவது ஏறத்தாழ 1,000 டாலர். தவணையாகச் செலுத்த இடம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். சொராரிட்டிக்கு நேராகக் கொடுக்கும் பணத்துக்குப் பொதுவாக வருமான வரிக் கழிவு கிடையாது. பல்கலைக்கழகத்துக்கோ, பதிவுபெற்ற அறக்கட்டளைக்கோ கொடுத்தால்தான் உண்டு. இதைத் தெளிவாக்காமல் வசூலில் இறங்கினால் நெருங்கிய தோழிகளுக்குள்ளேயே மனக்கசப்பு வந்துவிடும்.

பதில் 3 (ஆஸ்டின், இளநிலை மாணவி):

அக்கா, நான் இப்போது அதே வளாகத்தில் படிக்கிறேன். விருதுப் பலகையில் ஒரு பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் மட்டும் இருந்தால், எங்களைப் போன்றவர்கள் அதைக் கடந்து போய்விடுவோம். நீங்கள் எழுதிய அந்தத் தயிர்சாதமும் கதவு தட்டலும் எனக்கு அவரை நேரில் பார்த்ததுபோல் இருக்கின்றன. "அன்பானவர், எல்லோருக்கும் உதவுபவர்" என்ற வரிகளைத் தவிர்த்து, இப்படி நடந்தவற்றையே ஒவ்வொரு தோழியிடமும் எழுதி வாங்குங்கள். தேர்வு வாரத்தில் அவர் செய்ததை நாங்களே தொடர்ந்து செய்யவும் ஆசைப்படுகிறோம். முதலாண்டு மாணவிகள் பலர் சாப்பிடாமல்தான் தேர்வுக்குப் போகிறார்கள்.

ஹூஸ்டன் வாசகி:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இந்தப் பதில்களை அவளுடைய அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முகாமுக்குச் சம்மதித்துவிட்டார், ஆனால் மருத்துவமனைப் படம் எதுவும் வேண்டாம், பட்டமளிப்பு நாளில் எடுத்த படத்தையே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நிரந்தர நிதியைத் தொகை திரண்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறோம். ஆஸ்டின் தங்கையே, தேர்வு வாரத்துக்கான அரிசி, தயிர்ச் செலவு எங்கள் அணியினுடையது. எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டியிருக்கும் என்பதைத் தனிமடலில் தெரிவியுங்கள்.