கருவில் நாம் எல்லோரும் முதலில் பெண்தானா?

கார்முகில்:

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன், "சார், ஆம்பளைங்களுக்கு எதுக்கு மார்க்காம்பு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. கருவில் எல்லோரும் பெண்ணாகத்தான் தொடங்குகிறோம். ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் என்ற மரபணு விழித்துக்கொண்டால் கரு ஆணாகத் திரும்புகிறது. இல்லாவிட்டால் போன வழியிலேயே போய்ப் பெண்ணாகிறது. காம்பு அந்த முதல் கட்டத்தின் மிச்சம் என்று விளக்கினேன். மறுநாள் ஒரு மாணவியின் அண்ணன், ஆராய்ச்சிப் படிப்பில் இருப்பவர், "உங்க சார் சொன்னது தப்பு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

என் தரப்பை வைக்கிறேன். 1947இல் பிரான்சில் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட், தாய் முயலின் வயிற்றுக்குள் இருந்த குட்டிகளின் பாலினச் சுரப்பியை அறுத்து எடுத்தார். ஆணாக வேண்டிய குட்டிக்கும் பெண்ணுக்குரிய குழாய்களே வளர்ந்தன. 1990இல் எஸ்ஆர்ஒய்யைக் கண்டுபிடித்தார்கள். 1991இல் அதையே எக்ஸ்எக்ஸ் எலியின் கருவில், அதாவது பெண்ணாக வேண்டிய கருவில், செலுத்தியபோது விதையோடு (விந்தகத்தோடு) ஆண் எலி பிறந்தது. சேர்த்தால் ஆண், சேர்க்காவிட்டால் பெண். இதில் எது தப்பு?

நுண்ணோக்கி:

சோதனைகள் எல்லாம் சரி, சார். அவற்றிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தப்பு. நான் அந்த அண்ணன் இல்லை, ஆனால் எலிக் கருக்களின் பாலினச் சுரப்பியில்தான் ஆறு வருடமாக வேலை செய்கிறேன்.

ஐந்து வாரக் கருவில் சிறுநீரகம் உருவாகும் பகுதியை ஒட்டி ஒரு சின்ன மேடு இருக்கும். அது விதையும் இல்லை, சினைப்பையும் இல்லை. அதற்குள் இருக்கும் செல்கள் இரண்டு பக்கமும் போகக் கூடியவை. பக்கத்திலேயே கொஞ்ச நாளில் இரண்டு ஜோடிக் குழாய்கள் வந்துவிடும்: பின்னால் விந்துக்குழாயாகக் கூடிய வுல்ஃபியன், கருப்பையாகவும் கருக்குழாயாகவும் ஆகக் கூடிய முல்லேரியன். எல்லாக் கருவுக்கும் இரண்டு ஜோடியும் உண்டு. இரண்டுக்கும் வேண்டிய சாமான்களை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒன்றைப் பெண் என்று ஏன் அழைக்க வேண்டும்?

காம்பு விஷயத்துக்கு வருகிறேன். ஆண், பெண் என்று பிரிவதற்கு முன்பே இருவருக்கும் பொதுவாக வருவது அது. ஆண் எலிக்குக் காம்பே கிடையாது. அங்கே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அதை அழித்துவிடுகிறது. மனிதக் கருவில் அப்படி அழிப்பதில்லை, அதனால் நமக்கு இருக்கிறது.

அப்புறம், எஸ்ஆர்ஒய் செய்கிற வேலை ரொம்பச் சின்னது. மனிதக் கருவில் ஆறாவது வாரத்தின் கடைசியில் அது எழுகிறது, 17ஆவது குரோமோசோமில் இருக்கும் சாக்ஸ்9 என்ற மரபணுவை உசுப்புகிறது. சாக்ஸ்9 ஒரு அளவைத் தாண்டிவிட்டால் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்ளும். எலியில் இதற்குக் கிடைப்பது சுமார் ஆறு மணி நேரம். எஸ்ஆர்ஒய் அதற்குள் எழாமல் தாமதித்து எழுந்தால் விதை உருவாவதில்லை. மரபணு இருப்பது வேறு, சரியான செல்லில் சரியான நேரத்தில் அது வெளிப்படுவது வேறு. பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

கார்முகில்:

நேரம் தவறினால் சினைப்பை வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்? எஸ்ஆர்ஒய் இல்லாத எக்ஸ்ஒய் எலிக்குச் சினைப்பை வளர்கிறது, சில குட்டியும் போடுகின்றன. மனிதரில் ஸ்வையர் நிலை. எஸ்ஆர்ஒய் பழுதான எக்ஸ்ஒய் குழந்தை பெண்ணாகப் பிறக்கிறது, கருப்பையும் இருக்கிறது. போனில் டீஃபால்ட் செட்டிங் என்கிறோமே, நாம் கை வைக்காவிட்டால் எது வருகிறதோ அது. அந்தப் பொருளில் சொன்னேன். பெண்ணை மட்டம் தட்டும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. மூலம் அவள்தான் என்று உயர்த்தியே சொன்னேன்.

செவலைக்கோழி:

நான் படித்தது பத்தாவது வரைதான். முப்பது வருடமாக நாட்டுக்கோழி வளர்க்கிறேன். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

"பெட்டைக்கோழி கூவி பொழுது விடியுமா" என்று நம் ஊரில் பெண்களை வாயடைக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெட்டை நிஜமாகவே கூவியது. மூன்று வருடம் நன்றாக முட்டையிட்ட கோழி. ஒரு சமயம் நோய் கண்டு முட்டை நின்றது. அப்புறம் கொண்டை பெரிதாகிச் சிவந்தது, காலில் முள் வந்தது, இறகு உதிர்ந்து முளைத்தபோது சேவலுக்கு இருப்பது போல நீண்ட பளபளப்பான இறகு. ஒரு நாள் விடியலில் கூரைமேல் ஏறிக் கூவியது. அபசகுனம், அறுத்துவிடு என்றார்கள். நான் அறுக்கவில்லை. கார்முகில் சார் சொல்வதுபோல் பெண்தான் மூலம் என்றால், நோய் வந்த பெட்டை ஏன் சேவல் பக்கம் போனது?

நுண்ணோக்கி:

அக்கா, நீங்கள் பார்த்தது புத்தகத்தில் உள்ளதுதான். பெட்டைக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான் வளரும், வலப்பக்கம் குறுகிப்போய்க் கிடக்கும். இடப்பக்கம் நோயில் கெட்டால் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்துவிடும். கோழியில் பெட்டையின் இறகைப் பெட்டை இறகாக வைத்திருப்பது ஈஸ்ட்ரஜன்தான். அது போனால் சேவல் இறகு தானாக வரும். குறுகிக் கிடந்த வலப்பக்கச் சுரப்பி சில சமயம் விதை மாதிரி வளர்ந்து, கொண்டையையும் கூவலையும் கொண்டுவரும்.

கோழியில் ஆணுக்கு இசட்இசட், பெட்டைக்கு இசட்டபிள்யூ. பெட்டையாக வேண்டிய குஞ்சின் முட்டைக்குள் ஈஸ்ட்ரஜன் உருவாவதைத் தடுத்தால் அதற்கு விதை வளர்கிறது. கார்முகில் சாரின் கணக்குப்படி பார்த்தால் கோழியில் ஆண்தான் டீஃபால்ட் என்று எழுத வேண்டியிருக்கும்.

கார்முகில்:

கோழி கோழியாக இருக்கட்டும். என் கூற்று பாலூட்டிகளைப் பற்றியது. ஆனால் அக்கா, அந்தக் கோழியை அறுக்காமல் வைத்திருந்தீர்களே, அதற்கு என் நன்றி. இதை வகுப்பில் சொல்லப் போகிறேன்.

நுண்ணோக்கி:

சரி, பாலூட்டிக்கே வருவோம். பெண்ணாவதற்கு எதுவும் தேவையில்லை என்றால், ஒரு எக்ஸ்எக்ஸ் கருவில் ஏதோ ஒரு மரபணுவைக் கெடுத்து அதை ஆணாக்க முடியக் கூடாது அல்லவா? முடிகிறது.

இத்தாலியில் ஒரு குடும்பத்தில் சகோதரர்கள் சிலர் எக்ஸ்எக்ஸ். எஸ்ஆர்ஒய் அவர்கள் உடம்பில் எங்குமே இல்லை, ஆனாலும் ஆண்கள். ஆர்ஸ்போ1 என்ற மரபணு பழுதானதுதான் காரணம் என்று 2006இல் தெரிந்தது. சினைப்பைப் பாதையைத் தாங்கிப் பிடிக்கும் மரபணு அது. அதன் பிடி விட்டதும் சாக்ஸ்9 தானே எழுந்துகொண்டது.

ஆட்டிலும் உண்டு. கொம்பில்லாத வெள்ளாடுகளில் சில வகைகளில், தாய், தந்தை இருவரிடமிருந்தும் கொம்பில்லா மரபணு வந்த எக்ஸ்எக்ஸ் குட்டி கிடாவைப் போல வளரும். குரோமோசோமில் சுமார் 11,700 டிஎன்ஏ எழுத்துள்ள ஒரு துண்டு அங்கே இல்லை. அது இல்லாததால் பக்கத்தில் இருக்கும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணு சினைப்பையில் வெளிப்படுவதில்லை.

ஃபாக்ஸ்எல்2 எனக்கு ரொம்பப் பிடித்த மரபணு, கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். 2009இல் ஜெர்மனியில் மத்தியாஸ் டிரையர் குழுவினர், வளர்ந்த பெண் எலியின் சினைப்பையில் இந்த ஒன்றை மட்டும் நிறுத்தினார்கள். கருவில் இல்லை, வளர்ந்த எலியில். முட்டையைச் சுற்றிக் காக்கும் செல்கள் விதையில் விந்தணுக்களை வளர்க்கும் செர்டோலி செல்களைப் போல மாறின. அதாவது சினைப்பை தினமும் தன்னைச் சினைப்பையாக வைத்திருக்க வேலை செய்கிறது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். 2011இல் அமெரிக்காவில் வளர்ந்த ஆண் எலியின் விதையில் டிஎம்ஆர்டி1 என்ற மரபணுவை நீக்கினார்கள், செல்கள் சினைப்பைப் பக்கம் திரும்பின. இரண்டு பக்கமும் கயிறு இழுக்கிறார்கள். ஒரு பக்கத்து ஆட்களைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் காலி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதனால் நஷ்டமும் வந்தது. எஸ்ஆர்ஒய் கிடைப்பதற்கு முன்பே, 1986இல், ஈவா ஐக்கரும் லிண்டா வாஷ்பர்னும் சினைப்பை உருவாவதும் விதை உருவாவதைப் போலவே மரபணுக்கள் முனைந்து செய்கிற வேலைதான் என்று எழுதினார்கள். ஆனால் விதையின் பக்கம் போன அளவுக்கு யாரும் அந்தப் பக்கம் தேடவில்லை. 'தானாக வருவது' என்று பெயர் வைத்துவிட்டால் அதை யார் தேடுவார்கள்? எலியில் சினைப்பையின் பாதையை டபிள்யூடி1 மரபணுவின் ஒரு வடிவம் தொடங்கிவைக்கிறது என்று ஆய்வு வந்ததே 2023இல்தான். எஸ்ஆர்ஒய் கிடைத்து 33 வருடம் கழித்து.

ஓடுகளம்:

எஸ்ஆர்ஒய் அவ்வளவு சின்ன விஷயம் என்றால், உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவில் ஓட வருபவர்களிடம் அந்த ஒரு மரபணுவை ஏன் சோதிக்கிறது? சுவிட்ச் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது நியாயமாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

நுண்ணோக்கி:

அந்தச் சோதனை சொல்வது மரபணு இருக்கிறது என்பதை மட்டும். அது வெளிப்பட்டதா, விதை உருவானதா, டெஸ்டோஸ்டிரோன் சுரந்ததா, சுரந்தாலும் உடம்பு அதை ஏற்றதா என்பதைச் சொல்லாது. 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த போட்டியில் ஸ்பெயின் வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பட்டின்யோ குரோமோசோம் சோதனையால்தான் மாட்டினார். எக்ஸ்ஒய் உடையவர், ஆனால் அவர் உடம்பு டெஸ்டோஸ்டிரோனைக் கண்டுகொள்ளவே இல்லை. ஓடும் உரிமை 1988இல்தான் திரும்பக் கிடைத்தது. எஸ்ஆர்ஒய்யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ சின்க்ளேரே இந்தப் புதிய சோதனையை எதிர்த்து எழுதியிருக்கிறார்.

கார்முகில்:

விளையாட்டைத் தனியாகப் பேசலாம், இல்லாவிட்டால் இந்த இழை எங்கேயோ போய்விடும்.

சுரப்பி விஷயத்தில் நுண்ணோக்கி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆர்ஸ்போ1 எனக்குத் தெரியாது, அது கனமான சான்று. ஆனால் ஜோஸ்ட்டின் முயலை நீங்கள் தொடவே இல்லை. அவர் சினைப்பையையும்தான் எடுத்தார். விதையும் இல்லை, சினைப்பையும் இல்லை, ஆனாலும் முல்லேரியன் குழாய் வளர்ந்தது, வுல்ஃபியன் மறைந்தது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது வுல்ஃபியன் நின்றது, ஆனால் முல்லேரியன் போகவில்லை. அதைக் கரைக்க விதையிலிருந்து இன்னொரு பொருள் வர வேண்டும் என்று அப்போதே கணித்தார். அதுதான் ஏஎம்ஹெச். இன்று குழந்தையின்மை சிகிச்சைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் முட்டையின் இருப்பைப் பார்க்க எடுக்கிறார்களே, அதே ஹார்மோன். கருவில் அது சுரக்காவிட்டால் கருப்பை வருகிறது. இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மலர்விழியின் அம்மா:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு டர்னர் என்ற குரோமோசோம் குறைபாடு. ஒரே ஒரு எக்ஸ். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு இருக்குமாம். பத்து வயதில் உயரம் போதவில்லை என்று காட்டப் போனபோதுதான் தெரிந்தது. சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் நார் போல இரண்டு கோடுதான் இருக்கிறது என்றார்கள். அங்கே ஒரு டாக்டர் எங்களைத் தேற்றுவதற்காக, "ஒய் இல்லைன்னா பொண்ணுதான், அதுக்குத் தனியா எதுவும் வேண்டியதில்லை, கவலைப்படாதீங்க" என்றார். நான் அதை அப்படியே என் மகளிடம் சொன்னேன். அவள், "எதுவும் வேண்டாம்னா எனக்கு ஏம்மா சினைப்பை இல்லை?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

கார்முகில் சார், உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அவள் என்ன நினைப்பாள்?

கார்முகில்:

அம்மா, இப்படி ஒரு பிள்ளை என் முன்னால் இருப்பாள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மன்னிக்கவும்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உங்கள் மகளுக்குக் கருப்பை இருக்கிறது அல்லவா? சினைப்பை இல்லாமலேயே அது வந்திருக்கிறது. நான் சொல்ல வருவது அந்த ஒன்றைத்தான்.

மலர்விழியின் அம்மா:

இருக்கிறது. ஸ்கேனில் சின்னதாகத் தெரிகிறது. ஈஸ்ட்ரஜன் மருந்து தொடங்கினால் வளரும் என்றார்கள். போன மாதம் தொடங்கியிருக்கிறோம்.

நுண்ணோக்கி:

அந்த இடத்தில் கார்முகில் சார் சொல்வது சரி, பாதி சரி. கருவிலேயே கருப்பை வர சினைப்பையின் ஹார்மோன் தேவையில்லை. வெளிப்புற உறுப்பும் அப்படித்தான். டெஸ்டோஸ்டிரோன் இல்லாவிட்டால் பெண்ணுக்குரிய வடிவம் வருகிறது. இதில் எனக்கு மறுப்பே இல்லை.

மீதிப் பாதி வுல்ஃபியன் குழாய். டெஸ்டோஸ்டிரோன் இல்லாததால் அது தானாக வாடிப்போகிறது என்றுதான் ஜோஸ்ட் காலத்திலிருந்து சொல்லி வந்தோம். 2017இல் அமெரிக்காவில் ஹம்ஃப்ரி யாவ் குழுவினர், பெண் எலிக் கருவில் அந்தக் குழாயைச் சுற்றியுள்ள திசுவில் கூப்டிஎஃப்2 என்ற ஒரு புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் இல்லாமலே வுல்ஃபியன் நின்றுவிட்டது. இரண்டு ஜோடிக் குழாயோடும் பெண் எலி பிறந்தது. ஆக, அது தானாக வாடவில்லை. பெண் கரு வேலை மெனக்கெட்டு அதை அகற்றுகிறது. ஹார்மோன் வேண்டாம் என்பதை எதுவுமே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டோம்.

அம்மா, உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். அவள் கேட்டது மிகச் சரி. சினைப்பை நிலைக்க, அதற்குள் முட்டைச் செல்கள் உயிரோடு இருக்க, இரண்டு எக்ஸும் வேண்டும். சாதாரணமாகப் பெண்ணின் செல்களில் ஒரு எக்ஸ் வேலை செய்யாமல் மூடியே இருக்கும். ஆனால் முட்டையாகப் போகும் செல்கள் மட்டும் மூடிய எக்ஸைத் திரும்பத் திறக்கின்றன. அந்த நேரத்தில் திறப்பதற்கு அவளிடம் இரண்டாவது எக்ஸ் இல்லை. இதைச் சொல்லலாம் அவளிடம்.

கார்முகில்:

கூப்டிஎஃப்2 எனக்குப் புதிது. படித்துவிட்டு வருகிறேன். வெளிப்புற உறுப்பைப் பொறுத்தவரை டீஃபால்ட் என்ற சொல்லை நான் விடப் போவதில்லை, அங்கே அது பொருந்துகிறது. ஆனால் "எல்லோரும் பெண்ணாகத் தொடங்குகிறோம்" என்ற வரியைத் திங்கட்கிழமை வகுப்பில் திருத்துகிறேன். பலகையில் முதலில் அந்த இரண்டு ஜோடிக் குழாய்களை வரைந்துவிட்டுத்தான் எஸ்ஆர்ஒய்யைப் பற்றிப் பேசுவேன்.

மலர்விழியின் அம்மா:

ராத்திரி அவளை உட்கார வைத்து இதையெல்லாம் படித்துக் காட்டினேன். கூவிய கோழியின் கதையை இரண்டு தடவை கேட்டாள். நுண்ணோக்கியிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அவளுக்குள் முட்டைச் செல்கள் எப்போதாவது இருந்தனவா, இல்லை தொடக்கத்திலிருந்தே இல்லையா?

நுண்ணோக்கி:

இருந்திருக்கும். டர்னர் கருக்களில் மூன்றாம் மாதம் வரை முட்டைச் செல்கள் மற்றக் கருக்களில் இருப்பது போலவே தெரிகின்றன. ஐந்தாம் மாதத்துக்குள் வேகமாகக் குறைந்துவிடுகின்றன. எல்லாப் பெண் கருவிலும் இந்தக் குறைவு உண்டு. ஐந்தாம் மாதத்தில் அறுபது எழுபது லட்சம் இருப்பது பிறக்கும்போது பத்து இருபது லட்சமாகிவிடும். அவளுக்கு அது சீக்கிரமே நடந்துவிட்டது.